மனப்புண்ணுக்குச் சாராயம் மருந்தாகுமா?



"சொன்னாக் கேக்கிறாரா? நாலு நாள் விடுறாரு, அஞ்சாம் நாள் மறுபடியும் சம்சுதான்!" தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் உண்டா?

குடிப்பவரைத் திட்டுவது சுலபம். எதை மறக்கக் குடிக்கிறார் என்று கேட்பவர்தான் குறைவு. இதற்கு ஓர் ஓட்டக்காரரின் வாழ்க்கையே பாடம்.

லூயிஸ் ஸாம்பரினி, அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடி எட்டாவதாக வந்தார். அப்போது வயது 19. பிறகு யுத்தம் வந்தது. 1943 மே மாதம் அவர் சென்ற போர் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. ரப்பர் தெப்பத்தில் 47 நாள் மிதந்தார். மழைத்தண்ணீரும், கைக்குச் சிக்கிய மீனும் பறவையுமே ஆகாரம். கடைசியில் ஜப்பானியர் கையில் அகப்பட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் முகாமில் பட்டினி, அடி, உதை. ஒரு காவலன் அவரைத் தேடித் தேடி அடித்தான்.

ஜப்பான்காரன் காலத்துக் கொடுமை நமக்குப் புதிதா? சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போன எத்தனை ஆயிரம் பேர் திரும்பவே இல்லை! திரும்பியவர்கள் மனசில் என்ன இருந்தது என்று யார் கேட்டோம்?

1945-இல் வீடு திரும்பிய ஸாம்பரினியை ஊர் கொண்டாடியது. இராத்திரியிலோ அந்தக் காவலன் கனவில் வந்தான். ஒருநாள் கனவில் அவன் கழுத்தை நெரித்தார். கண்விழித்தால், கையில் இருந்தது கர்ப்பிணி மனைவியின் கழுத்து! கனவை மறக்கக் குடித்தார். மனைவி சிந்தியா விவாகரத்துக்கே துணிந்துவிட்டார்.

1949-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், போதகர் பில்லி கிரகாம் கூடாரம் போட்டு ஜெபக்கூட்டம் நடத்தினார். முதலில் போய் வந்த சிந்தியா கணவரையும் அழைத்தார். முதல் தடவை அவர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். மறு தடவை, தெப்பத்தில் கிடந்தபோது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. மண்டியிட்டார். அன்றிரவே வீட்டிலிருந்த மதுவைக் கொட்டினார். அந்தக் கனவு அப்புறம் வரவே இல்லை என்று அவரே சொன்னார். 1950-இல் தோக்கியோவின் சுகாமோ சிறைக்குப் போய், தம்மை வதைத்த காவலர்களை நேரில் கண்டு மன்னித்தார். 2014-இல், 97 வயதில் காலமானார்.

என் கருத்து இதுதான்: கிறிஸ்துவிடம் அவருக்குக் கிடைத்தது "குடிக்காதே" என்ற கட்டளை மட்டுமல்ல, மனசிலிருந்த வன்மத்தை இறக்கிவைக்க ஓர் இடம். வன்மம் இறங்கியது, குடிக்கு வேலை இல்லாமல் போனது. நம்மிலும் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து ஒரு சொட்டுத் தொடாதவர், மறுநாளே பழைய இடத்துக்குப் போகிறாரே, ஏன்? காவடி இறங்கியது, மனச்சுமை இறங்கவில்லை. கோயிலோ, மாதா கோவிலோ, அந்தச் சுமையை இறக்க உதவினால்தான் பலன்.

ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் அவரைப்போல் ஒரே இராத்திரியில் நிறுத்திவிடாதீர்கள். கைநடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் விடுங்கள். சாமியும் டாக்டரும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

தாய்மார்களே! அடி உதை நடக்கும் வீட்டில் பொறுத்துக் கிடங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவதே முதல் வேலை. மற்ற வீடுகளில், போதை தெளிந்திருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "ஒங்க மனசுல என்னாங்க இருக்கு?"

திட்டிப் பார்த்தோம், திருந்தவில்லை. இனி கேட்டுப் பார்ப்போமே!