அட்டவணை கேட்போர் பயிற்சியும் தரட்டும்

புது தில்லி: மும்பையின் பெரிய கட்டுமானங்களுக்கெல்லாம் ‘பிரைமவேரா’ போன்ற மென்பொருள்களில்தான் கால அட்டவணை தயாராகிறது. அதை இயக்கத் தெரிந்தவரே வேண்டும் என்னும் ஒப்பந்ததாரர்களில் பலர், கற்பிக்கும் செலவை ஏற்பதில்லை. தாராவி, செம்பூர் டிப்ளமோ இளைஞர்கள் கடன் வாங்கியாவது படிக்க வேண்டியிருக்கிறது. தலைக்கவசத்தையும் தொழிலாளியே வாங்கி வரட்டும் என்பதற்கு ஒப்பானது இது.

1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். மீறினால் சிறை என்றிருந்ததை 2014-இல் நாடாளுமன்றம் வெறும் அபராதமாக்கியது. பணியில் இருப்பவருக்குப் புதிய மென்பொருள் கற்பிக்கும் கடமையை அச்சட்டம் விதிக்கவில்லை.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துணை ஒப்பந்தங்களிலேயே பயிற்சிச் செலவை நிபந்தனையாக்கலாம். தாராவி மறுசீரமைப்பு நிறுவனத்தில் மகாராஷ்டிர அரசுக்கே 20 சதவீதப் பங்கு இருக்கிறது.