முதுகெலும்பு முறிந்தவனுக்கு மனம் இல்லையா?

தாம்பரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை அடுக்குமாடிகள் எழும்புகின்றன. சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட தொழிலாளியை ஆஸ்பத்திரி பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. கால் அசையாது, சிறுநீர் தன் வசத்தில் இல்லை, கூலியும் நின்றது. கைகால் பயிற்சி சொல்லித் தருகிறார்கள், சரி. "இனி எல்லோருக்கும் பாரம்தானே" என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பவனிடம் பேசுவது யார்? மனம் விட்டவன் பயிற்சிக்கு எழமாட்டான். புரண்டு படுக்காதவனுக்குப் படுக்கைப் புண். புண்ணில் விஷம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. "தைரியமாக இரு" என்பது வைத்தியமாகாது!

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்களை இழந்தவர் போலானார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. அவருக்குத் தொழிலும் சகாக்களும் துணை நின்றனர். கொத்தனாருக்கு, சித்தாளுக்கு?

மனநல சிகிச்சை உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கே.கே. நகரில் சர்க்காரின் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி உண்டு. பஸ் ஏற முடியாதவனுக்கு அது தூர தேசம். தாம்பரத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே இவர்களுக்கென மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும். அவர் வீடு தேடிப் போய், மனைவி மக்களோடும் பேச வேண்டும். பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் நலவாரியத்துக்கென்றே வசூலாகிறது.