1729ஐக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்

கணித நாளில் பக்கத்துப் பள்ளி விழாவில் பேச வந்த அத்தனை பேரும் ராமானுஜனை டாக்ஸி எண்ணோடு முடித்துக்கொண்டார்கள். 1729 என்ற அந்த எண்ணைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாய் எழுதக்கூடிய மிகச் சிறிய எண், அழகான எண். ஆனால் தன்னைப் பார்க்க வந்தவரின் டாக்ஸி எண்ணைப் பற்றி ராமானுஜன் நோய்ப்படுக்கையில் இருந்தபடி சட்டென்று பதில் சொன்னார் என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, கணக்கு என்பது சிலருக்கு மட்டும் மின்னல்போல் வெட்டுவது என்று முடிவுகட்டிவிடுகிறது. உட்கார்ந்து உழைத்த ராமானுஜனை அதற்கு யாரும் காட்டுவதில்லை.

நான் காட்ட விரும்பும் எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 12க்கு 6 வகுத்திகள்; அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. 60க்கு 12. நாளின் 60 நாழிகையைப் பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று என்று எப்படிக் கூறுபோட்டாலும் மிச்சம் விழாதது அதனால்தான். இத்தகைய எண்ணைப் பிரித்தால் 2 தொடங்கிப் பகா எண்கள் ஒன்றுவிடாமல் வரும். அடுக்குகள் போகப் போக ஏறவே ஏறா. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4, 36 இரண்டும் மட்டும் விலக்கு. இதை ராமானுஜன் நிறுவியிருக்கிறார்.

நம் எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, வகுத்திகள் 5040. 1 முதல் 22 வரை எந்த எண்ணும் இதை மீதியின்றி வகுக்கும். அந்த 5040கூட இதே குலத்து எண்தான். 'சட்டங்கள்' நூலில் பிளேட்டோ தன் நகரத்துக் குடிமக்களுக்குத் தேர்ந்தெடுத்த எண்ணிக்கை அது.

ராமானுஜன் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 102 எண்கள். 293318625600 அதில் இல்லை, விடுபட்டுவிட்டது. எனக்கு வியப்பு, அது ஒன்றுதான் விடுபட்டது என்பதில். இரண்டு எண்களை அடுத்தடுத்து எழுத வேண்டுமானால், இடையிலுள்ள கோடிக்கணக்கான எண்களில் ஒன்றுகூட முந்தையதை மிஞ்சவில்லை என்ற உறுதி வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் அவர் அந்த உறுதியோடு 6746328388800 வரை போயிருக்கிறார். அதற்கு 10080 வகுத்திகள். அந்தக் கடைசி எண்ணைப் பிரித்தால் கிடைப்பது, விடுபட்ட நம் எண்ணும் 23உம்!

எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது இந்தக் கட்டுரைதான். கழகத்துக்குப் பணமுடை என்பதால் ஒரு பகுதி அச்சேறாமல் நின்று 1997இல்தான் முறையாக வெளிவந்தது. அதைப் பற்றி ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை.

கணக்கு ஆசிரியர்களே, அடுத்த ஆண்டு பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, ஒரு பாடவேளை முழுக்கப் பிள்ளைகளை வகுக்க விடுங்கள். 23 ஏன் வகுக்கவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.