இடம் மாறிய சின்னங்கள்



கணினித் திரையிலுள்ள சிறு சின்னங்களை இடம் மாற்றி வைப்பது அற்பச் செயல் என்றே நாம் எண்ணியிருந்தோம். சென்ற விடுமுறையில் அவ்வெண்ணம் மாறிற்று.

நம் இல்லக் கணினியில் சின்னங்கள் மலிந்து கிடந்தமையால், அவற்றைப் பெயர் வரிசையில் அடுக்கினோம். திரை அழகுற்றது. ஆனால் அன்று மாலை, வெளிநாட்டிலுள்ள இளைய மகளுடன் பேச அமர்ந்த நம் அன்னையார் திகைத்துப்போனார். அவர் பெயரை வாசித்தல்ல, ‘இடப்புறம் மூன்றாவது’ என இடத்தை வைத்தே அச்சின்னத்தை அறிந்திருந்தார். மகள் காத்திருந்த வேளையும் கழிந்தது.

1981-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ‘ஸ்டார்’ கணினி இத்தகைய சின்னங்களுக்கு முன்னோடி. அலுவலக மேசையைப் போன்றே திரையும் அமைய வேண்டுமென்பது அதன் நோக்கம். மேசைமீது மூக்குக்கண்ணாடி இருக்குமிடத்தைக் கையே அறியுமன்றோ? திரையிலும் அவ்வாறே.

ஆகவே, பலர் பயன்படுத்தும் கணினியில் கை வைக்குமுன் மற்றவரைக் கேட்போமாக. விண்டோஸ் கணினியானால், திரையின் வெற்றிடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘வியூ’ பட்டியலில் ‘ஆட்டோ அரேஞ்ச்’ குறியை நீக்கிவிட்டால், சின்னங்கள் தாமாக வரிசைக்குத் திரும்பாமல் வைத்த இடத்தில் நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைப்பின், அவரவர் திரை அவரவர்க்கே உரியதாகும்.

நம் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுவது பிறருக்குத் தடுமாற்றமாகலாம். அன்னையாரின் சின்னத்தை அன்றிரவே பழைய இடத்தில் வைத்துவிட்டோம்.