கையால் பின்னிய பரிசு

கடையில் வாங்குவதே சிறந்த பரிசு என்னும் எண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை. இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டைப் பருத்தி நூலும் போதும். பின்னற்கலைக்கு அடிப்படை இரண்டே வகைக் கண்ணிகள்தாம்.

முதல் வகையை மட்டும் கற்றவர் அன்னைக்கு முகம் துடைக்கும் துணி பின்னலாம். இரண்டையும் மாறி மாறிப் போடக் கற்றால், இழுத்தால் நீளும் விளிம்பு அமையும். கண்ணிகளைக் குறைக்கவும் பழகினால் உச்சி குவியும்; தம்பிக்குத் தொப்பி தயார். இவ்வாறு ஒவ்வொரு பரிசும் ஒரு புதிய பாடமாகிறது. பிழை நேர்ந்தால் பிரித்துப் பின்னலாம்; நூல் வீணாவதில்லை.

இது பெண்பிள்ளைகளின் வேலை என்று மாணவர்கள் ஒதுங்க வேண்டா. விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் செல்லும் பெற்றோரின் ஊதியத்தைக் கரைத்து அவர்களுக்கே பரிசு வாங்குவதினும், நம் உழைப்பையே பரிசாக நல்குவோம்.