கன்னுக்குட்டிக்கு ஊதுற மூச்சு, பையனுக்குக் கிடையாதா?

கிராமத்துல போதைன்னா கள்ளு, சாராயம்னே டவுன்ல இருக்கிறவங்க நெனைக்கிறீங்க. அது பழைய கதை. இப்ப டேபென்டடால்னு ஒரு வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதது. அதை நுணுக்கி, தண்ணியில கரைச்சு, நரம்புல ஏத்திக்கிறானுங்க. அபின், ஹெராயின் மாதிரியே வேலை செய்யும். அளவு மிஞ்சினா மூச்சு கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும்.

எனக்குக் கோபம் சுத்தி நிக்கிறவங்க மேலதான். "போதை தெளிஞ்சா எந்திரிப்பான்", "போலீஸ் வரும்", "வெளிய தெரிஞ்சா மானம் போகும்" என்று பேசிக்கொண்டே மோரையும் எலுமிச்சைச் சாறையும் வாயில் ஊத்துவார்கள். நினைவில்லாதவன் வாயில ஊத்துனா அது நுரையீரலுக்குத்தான் போகும்.

பாம்பு கடிச்சவன்கிட்ட "ராத்திரியில வரப்புக்கு ஏன் போன"ன்னு விசாரணை வச்சா, 108-ஐக் கூப்பிடுறோம்? பொறந்த கன்னு மூச்சு விடலன்னா மூக்குச் சளிய வழிச்சு, வைக்கோலால தேச்சு, ஊதிக்கூடப் பார்க்கிற ஊரு இது. பையன்னா மட்டும் கைகட்டி நிக்கிறோம்.

தட்டிக் கூப்பிட்டும் எழும்பலையா? கண்ணுப்பாப்பா குண்டூசி முனையா சுருங்கி, உதடு நீலம் பாய்ஞ்சு, தொண்டை கரகரங்குதா? அது தூக்கம் இல்லீங்க. உடனே 108. என்ன போட்டான்னு மறைக்காம சொல்லுங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை வாயில ஊதுங்க. நாடியும் இல்லேன்னா நெஞ்சு நடுவுல அழுத்தி, வேகமா அமுக்கணும். மூச்சு தானா வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி அடைக்காது. தனியா மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க.

இதுக்கு நலாக்சோன்னு முறிவு மருந்து இருக்கு. சில நிமிஷத்துல மூச்சைத் திருப்பும். ஆனா அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துல அதோட வேகம் இறங்கிடும், பையன் மறுபடி மயங்கலாம். அதனால முழிச்சுட்டான்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அமெரிக்காவுல 2023-ல இருந்து மூக்குல அடிக்கிற நலாக்சோனைச் சீட்டு இல்லாமலே கடையில வாங்கலாம். இங்க மாத்திரை மூலைக்கு மூலை கிடைக்குது, அதுக்கான முறிவு மருந்தோட பேர்கூட யாருக்கும் தெரியலை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அது இருக்கணும், ஊருக்கு நாலு பேருக்காவது மூச்சு ஊதச் சொல்லித் தரணும்னு கேட்டா, "போதைக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு"ங்கிறாங்க.

அவன் திருந்தணும்னுதானே எல்லாரும் திட்டுறீங்க? திருந்துறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்ல.