கூத்தாடுவோர் உள்ளம் வாடுவதா?

மாசி பிறந்துவிட்டால் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைத் தோட்டங்களிலே தப்பு முழங்குகிறது. காமன் ஊன்றப்படுகிறது, ரதியும் மதனும் ஆடி வருகின்றனர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இரவிரவாக நடைபெறுகின்றன. இதுவே மலையகத் தமிழனின் பண்பாடென்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால், ஆடியவன் மறுநாள் என்னவானான்? அவனைப் பழக்கிய வாத்தியார் எந்நிலையில் வாழ்கிறார்? இவற்றை நாம் கேட்பதில்லை.

கூத்துத் தொழில் எளிதன்று. பகலெல்லாம் கொழுந்து மலையிலும் கவ்வாத்திலும் உழைத்தவன், காப்புக் கட்டி, விரதமிருந்து, இரவிலே ஆடுகிறான். சர்க்கஸ் கூடாரத்தில் உயரத்திலே தாவுகிறவனுக்குக் கீழே வலையொன்று விரிக்கப்பட்டிருக்கும். தபசு மரத்தில் ஏறிநின்று பாடும் அருச்சுனனுக்கு வலை ஏது? ரதி வேடந்தாங்கிய ஆடவன், கணவனை இழந்தவளின் ஒப்பாரியைத் தன் நெஞ்சிலே சுமந்து பாடுகிறான். படுகளத்தில் வீழ்கிறவன் தன்னையே மறந்துவிடுகிறான். உடலோடு உள்ளத்தையும் வருத்தும் உழைப்பு இது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். காப்புக் கட்டினார்கள், கூத்து முடிந்ததும் அவிழ்த்தார்கள். படுகளத்தில் வீழ்ந்தோரை எழுப்புதற்கும் முறை வகுத்தார்கள். வேடத்துள் புகுந்த மனிதனை மீண்டும் மனிதனாக வீடு சேர்க்கும் வழிகள் இவை. தோட்டத்து மணிக்கு இம்முறைகள் தெரியா. பொழுது புலர்ந்ததும் அவன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். நிற்காவிடில் அன்றைய பேர் இல்லை. தெய்வமாக ஆடியவனைச் சில நாழிகைக்குள் கூலியாளாக நிறுத்துகிறது தோட்டம். அவன் உள்ளம் எங்ஙனம் ஆறும்?

நமது குற்றமும் சிறிதன்று. தப்படிப்பவனின் கையிலே கூலிக்குப் பதிலாகச் சாராயத்தைக் கொடுக்கிறோம். பின்னர் அவனையே குடிகாரனென்று ஏசுகிறோம். அவனின்றிச் சாவு வீட்டிலே பிணம் எடுப்பதில்லை. ஆயினும் சமபந்தியில் அவனுக்கு இடமளிக்கத் தயங்குகிறோம். இந்த அவமதிப்பை ஆண்டாண்டாகச் சுமப்பவனின் நெஞ்சிலே நிம்மதி எப்படி நிலைக்கும்?

வாத்தியாரின் நிலை இன்னும் பரிதாபம். பாட்டும் அடவும் அவர் நினைவிலே வாழ்கின்றன. இளைஞரோ பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போய்விடுகின்றனர். ஒருவன் மரத்திலிருந்து வீழ்ந்தால் பழி வாத்தியார்மீது. தம் மனத்துயரை அவர் எவரிடம் சொல்வார்? ஊருக்கே புத்தி சொல்பவருக்கு மனச்சோர்வா என்று நகைப்பார்களென அஞ்சி மௌனமாகிறார்.

‘வயிற்றுக்கு வழியில்லாதபோது மனநலம் பேசுவது ஆடம்பரம்’ என்பார் உளர். அவர்கட்கு நம் நாட்டு வரலாறே விடையளிக்கும். 1995 ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையிலே நின்றது. கொடிய பூச்சிக்கொல்லிகள் தடைசெய்யப்பட்டன. பின்வந்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. துயருற்றோருக்கு மனவுறுதியைப் போதித்து மட்டும் இது நிகழவில்லை. அவர்கள் வாழும் சூழலிலே அரசு கைவைத்தது, உயிர்கள் பிழைத்தன. தோட்டத்துச் சூழலையும் மாற்றவியலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சட்டத்தை நோக்குவோம். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையோடு தொடர்புடைய விபத்துக்கே ஈடு தருகிறது. கோயில் முற்றத்தில் வீழ்ந்த கூத்தனுக்கு அது உதவாது. மனநோய்ச் சட்டமோ 1873 இல் ஆங்கிலேயர் இயற்றியது. 2005 இன் தேசிய மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லப் பணித்தது. லயத்து வாசலுக்கு அது போதிய அளவு வந்ததா? தமிழும் அரசகரும மொழியென 1987 இன் 13 ஆம் திருத்தம் கூறுகிறது. நெஞ்சின் துயரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொல்லி ஆறுதல் பெற இயலுமா?

தமிழ்நாட்டில் 2007 இலேயே நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

நம் கோரிக்கைகள் நான்கு. கூத்து முடிந்த மறுநாள் ஆடினோருக்கும் வாத்தியாருக்கும் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும். 2021 க்குப் பின் செயலிழந்த கூட்டு ஒப்பந்தம் மீண்டும் எழுதப்படுமாயின் இஃது அதில் இடம்பெற வேண்டும். தோட்ட வைத்தியசாலைகளுக்குத் தமிழறிந்த உளநல ஆலோசகர் குறித்த நாளில் வருதல் வேண்டும். கலைஞருக்கு விபத்துக் காப்புறுதியும் முதுமையில் ஓய்வூதியமும் வழங்க ஒரு நிதியம் வேண்டும். கோயிற் கமிட்டிகள் கூலியைக் காசாகவே கொடுத்தல் வேண்டும்; போத்தலாக அன்று.

இவற்றுள் இறுதியானதற்கு அரசாணை தேவையில்லை, இவ்வாரமே தொடங்கலாம். வைத்தியர்களும் ஆசிரியர்களும் மாதம் ஒரு நாளைத் தோட்டங்களுக்கு ஒதுக்கலாம். தோட்டக்கார விவசாயப் பெருமக்கள் திருவிழாச் செலவில் ஒரு பங்கைக் கலைஞர் நிதிக்கு அளிக்கலாம். துயருற்றவர் எவராயினும் 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி எண்ணை அழைக்கலாமென்பதை லயம்தோறும் எழுதிவைக்கலாம்.

தொழிற்சங்கங்களுக்கு ஒரு சொல். 1931 இல் நடேசய்யர் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய காலத்தில், துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பாட்டுக் கேட்கவும் மக்கள் திரண்டனர். பாட்டால் வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்தக் கடனை அடைக்கும் நாள் வந்துவிட்டது. கூத்தனின் காப்பை அவிழ்ப்பதோடு நம் கடமை தீரவில்லை. அவனது கவலையையும் அவிழ்ப்போமாக!